இரட்சிக்கப்பட்டாச்சு, இனி எங்கே வளர்வது? நான்கு வழிகள், ஒரு ஒப்பீடு

போன மாதம் ஓசூரிலிருந்து ஒரு தம்பி பேசினான். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, சொந்த ஊர் பர்கூர் பக்கம், பரம்பரை லுத்தரன் குடும்பம். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அழுது தன்னை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறான், அன்றிலிருந்து குடியைத் தொடவில்லை. "அண்ணா, அம்மா நம்ம கோயிலுக்கே வாடா என்கிறார்கள், ரூமில் இருக்கிற பையன் அவனோட சபைக்குக் கூப்பிடுகிறான், பக்கத்துத் தெருவில் வீட்டு ஜெபம் நடக்குது, இது போதாதென்று தினமும் போனில் மெசேஜ் கேட்கிறேன். நாலிலும் கால் வைத்து எதிலும் நிற்க முடியவில்லை" என்றான். அதே வாரம் அரூரிலிருந்து ஒரு அக்காவும் ஏறக்குறைய இதையே கேட்டார், ஆனால் அவர் வீட்டுக்காரர் விசுவாசி இல்லை, அதனால் அவருடைய கணக்கு வேறு. இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. மறுபடியும் பிறத்தல் என்று இயேசு நிக்கொதேமு என்ற பரிசேயரிடம் சொன்னது யோவான் 3-ல் வருகிறது. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல்லுக்கு 'மறுபடியும்' என்றும் 'மேலிருந்து' என்றும் இரண்டு பொருள். இந்தப் பேச்சு ராத்திரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நிக்கொதேமு அதற்குப் பிறகும் இரண்டு முறை வருகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 7-ஆம் அதிகாரத்தில் சக பரிசேயர்கள் நடுவில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்கிறார். 19-ஆம் அதிகாரத்தில், சீஷர்கள் ஓடிப்போன நேரத்தில், ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஆன வாசனைப் பொருட்களைச் சுமந்து வந்து இயேசுவின் உடலை அடக்கம் செய்கிறார். ராத்திரியில் ஒளிந்து வந்தவர் அந்த நிலைக்கு வர வருடங்கள் ஆயின. பிறப்பு ஒரு நாளில் நடந்திருக்கலாம், வளர்ச்சி அப்படி வராது. அதனால் "எந்தக் கூட்டத்தில் எனக்கு அதிகமாக அழுகை வருகிறது" என்பதை வைத்து இடம் தேடாதீர்கள்.

எதை வைத்து அளப்பது

நான் நான்கு கேள்விகள் வைத்திருக்கிறேன்.

பாலோடு நின்றுவிடுகிறதா, கெட்டியான சாப்பாடும் உண்டா? பேதுரு புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஞானப்பால் என்கிறார், எபிரெயர் 5 பலமான ஆகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆசீர்வாத வசனம் பத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிற இடமா, யோபு, எரேமியா, ரோமர் என்று முழு வேதமும் கிடைக்கிற இடமா?

நான் தடுமாறினால் அது யாருக்குத் தெரியும்? நாலு கேள்வியில் எனக்கு முக்கியமானது இதுதான். அப்பொல்லோ பெரிய பேச்சாளர், அலெக்சந்திரியாக்காரர், வேதத்தில் வல்லவர். ஆனாலும் யோவானுடைய ஸ்நானத்துக்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. எபேசுவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு இன்னும் திருத்தமாக விளக்கினார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. உங்களை அப்படித் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல உரிமையுள்ள ஒருவர் அங்கே இருக்கிறாரா?

வீட்டில் என்ன ஆகிறது? கலாத்தியர் 5-ல் உள்ள ஆவியின் கனியில் நீடிய பொறுமை, தயவு, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் இருக்கிறது. இதையெல்லாம் மேடையில் பார்க்க முடியாது, மனைவிக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

ஐந்து வருடம் தாங்குமா? தூரம், ஷிஃப்ட், பணம், உடம்பு. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். முதல் மூன்று மாத உற்சாகத்தில் அது தூரமாகவே தெரியாது.

ஒன்று: பிறந்து வளர்ந்த கோயில்

நம் பக்கத்தில் இதற்குக் குறைவில்லை. கிருஷ்ணகிரியில் 1895-லேயே மிசௌரி லுத்தரன் மிஷனரி தியோடர் நேதர் ஊழியம் தொடங்கிவிட்டார், இன்றைய இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையின் வேர் அது. கத்தோலிக்கர்களுக்கு சேலத்திலிருந்து பிரித்து 1997-ல் தருமபுரி மறைமாவட்டம் அமைத்தார்கள். எலத்தகிரி, கோவிலூர் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையும் உண்டு.

கன்வென்ஷனில் ஒப்புக்கொடுத்துவிட்டு வருகிற பிள்ளைகள் சொல்கிற முதல் வார்த்தை, "எங்க கோயிலில் மறுபிறப்பைப் பற்றிச் சொல்வதே இல்லை" என்பது. அது முழுக்கச் சரியில்லை. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஞானஸ்நானத்திலேயே மறுபிறப்பு நடக்கிறது என்று போதிக்கிறார்கள், தீத்து 3:5-ல் வருகிற 'மறுஜென்ம முழுக்கு' அவர்களுக்கு ஆதாரம். லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானத்துக்குப் பொருள் என்ன என்று ஒரு கேள்வி உண்டு. நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தினாலும் மனந்திரும்புதலினாலும் மூழ்கிச் சாக வேண்டும், புது மனுஷன் தினந்தோறும் எழும்ப வேண்டும் என்பது அதற்கான பதில். திருவிருந்தில் சேருவதற்கு முன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவன் நான். அர்த்தம் புரிந்தது பத்து வருடம் கழித்து, வேறு ஒரு இடத்தில் அழுதுவிட்டுத் திரும்பி வந்து அந்தப் புத்தகத்தைப் பிரித்தபோது.

இங்கே வேதவாசிப்பு போதகருக்குப் பிடித்த பகுதியாக இருக்காது, அட்டவணைப்படி வரும். கத்தோலிக்க ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடச் சுற்றில் அமைந்தவை. குடும்பமாக உட்காரலாம், பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி உண்டு, திருவிருந்து உண்டு, கல்யாணமோ சாவோ ஊரே கூட நிற்கும்.

மறைந்திருக்கிற செலவு என்னவென்றால், இருபது வருடம் அதே பெஞ்சில் உட்கார்ந்தாலும் "ஜெபம் எப்படிப் போகுது?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். எபிரெயர் 5 திட்டுவது புது விசுவாசிகளை இல்லை. காலத்தைப் பார்த்தால் போதகராயிருக்க வேண்டியவர்கள் இன்னும் பாலுண்கிறார்கள் என்பதுதான் அங்கே உள்ள வருத்தம், எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் நம் கோயில்கள்தான் ஞாபகம் வருகின்றன. கமிட்டி எலெக்‌ஷன் வந்தால் ஆராதனைக்கு வெளியே இரண்டு அணி நிற்கும். புதிதாகப் பற்றிக்கொண்ட பையன் ஆராதனை முடிந்ததும் சந்தேகம் கேட்டால், "இவன் அந்தக் கூட்டத்துப் பக்கம் போயிட்டான்" என்று பேச்சு வரும். அதைத் தாங்கும் மனது வேண்டும்.

யாருக்கு இது நல்லது? வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே அங்கே போகிறவர்களுக்கு, சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, தானாகவே வேதம் வாசிக்கும் பசி இருப்பவர்களுக்கு. ஐயரோ (லுத்தரன் போதகர்) ஃபாதரோ ஒரு பெரியவரோ, அங்கே உங்களோடு மனம் திறந்து பேசுபவர் ஒருவராவது இருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் கோயிலை விட்டுப் போக அவசரப்படாதீர்கள்.

இரண்டு: பெந்தெகொஸ்தே சபை

இந்தச் சபைகள் தவறென்று நான் எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் உயிரோடு எழும்பியதே அப்படி ஒரு கூட்டத்தில்தான். கையில் வேதப்புத்தகம் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள். உபவாச ஜெபம், வேதபாடம், மாதத்துக்கு ஒரு முழு இரவு ஜெபம் என்று வாரம் முழுக்கப் பிடிமானம் இருக்கும். இரண்டு ஞாயிறு போகாவிட்டால் போன் வரும், ஆஸ்பத்திரியில் படுத்தால் பிரதர் ஒருவர் ராத்திரி கூடவே உட்கார்ந்திருப்பார். இந்துக் குடும்பத்திலிருந்து தனியாளாக வந்தவருக்கு இந்தச் சபைதான் குடும்பம். இரண்டாவது கேள்விக்கு, அதாவது தடுமாறினால் யாருக்குத் தெரியும் என்பதற்கு, இங்கே கிடைக்கிற பதில் முதல் வழியைவிடப் பல மடங்கு நல்லது.

இனி செலவுகள். கோயிலில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றவரை முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் மனந்திரும்பி விசுவாசித்த பிறகு எடுப்பதுதான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் போதனை. இது மனசாட்சியின் விஷயம். யாருடைய வற்புறுத்தலுக்காகவும் செய்யாதீர்கள், அம்மாவிடம் மறைத்தும் செய்யாதீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் அவர்கள். அது ஒன்றுமே இல்லை என்று மூன்றாம் மனிதர் சொல்லிக் கேள்விப்பட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? இன்னொன்று, பழைய சபைப் பதிவேட்டிலிருந்து பெயர் போனால் பெரும்பாலும் கல்லறைத் தோட்டத்து இடமும் போகும். இருபத்தைந்து வயதில் அதை யாரும் யோசிப்பதில்லை, அப்பா சாகும்போதுதான் அந்தப் பேச்சு எழும்.

தசமபாகத்தை முன்பே கணக்குப் போட்டு வையுங்கள். மாதம் 18,000 சம்பளத்தில் 1,800 என்பது மனமார்ந்து கொடுத்தால் சந்தோஷம், பயந்து கொடுத்தால் பாரம். எல்லாம் ஒரே போதகரைச் சுற்றி நடக்கிற சபையா, கணக்கை மூப்பர்கள் பார்க்கிறார்களா, அவரிடம் கேள்வி கேட்டவர்களுக்கு அப்புறம் என்ன ஆனது? இதையெல்லாம் சேருவதற்கு முன் விசாரிக்கலாம், அது அவிசுவாசம் ஆகாது. சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்தில் ஒரு நாளும் இருக்காதீர்கள். பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவரும் பவுல்தான்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு எனக்கு நடந்தது. ஒப்புக்கொடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை, சபையில் என்னை மேடையேற்றி சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஜனம் அழுதது. அடுத்த வாரம் வேறு ஊர், அதற்கடுத்து இன்னொரு ஊர். ஒவ்வொரு முறையும் என் பழைய பாவம் கொஞ்சம் பெரிதானது, விடுதலையும் கொஞ்சம் பெரிதானது. வீட்டில் தங்கையிடம் அதே பழைய கோபம்தான். ஒரு வருடத்தில் உள்ளே காலியாகி, ஆறு மாதம் எங்கேயுமே போகாமல் இருந்தேன். சபையின் மேல் இன்று கோபம் இல்லை, அன்புடன்தான் செய்தார்கள். ஆனால் தோட்டத்தில் என் அப்பா செய்ததை அவர்கள் செய்திருக்கலாம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. ஒட்டுக்கன்று நட்ட ஒன்றிரண்டு வருடத்திலேயே பூ விடும், பார்க்க ஆசையாக இருக்கும். அப்பா மூன்று வருடம்வரை அந்தப் பூவையெல்லாம் கிள்ளிப்போடுவார். விட்டால் கன்று தன் சத்தையெல்லாம் காய்க்கக் கொடுத்துவிட்டு வேரும் கிளையும் பிடிக்காமல் நின்றுவிடும். கண்காணியாயிருப்பவன், அதாவது சபையை நடத்துகிறவன், நூதன சீஷனாயிருக்கக்கூடாது என்று பவுல் 1 தீமோத்தேயு 3:6-ல் சொல்வதும் இதே அக்கறையில்தான், அவன் இறுமாப்படைந்து விழுந்துவிடுவான் என்று காரணமும் சொல்கிறார்.

ஆவியின் வரங்கள் நிறைய இருப்பது முதிர்ச்சிக்கு அடையாளம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொரிந்து சபைக்கு ஒரு வரத்திலும் குறைவில்லை என்று முதல் அதிகாரத்தில் எழுதிய பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அதே ஆட்களைக் குழந்தைகள் என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும்.

முதல் தலைமுறை விசுவாசிகளுக்கும், குடி போன்ற பழக்கத்திலிருந்து வெளியே வந்து தினமும் தோள் கொடுக்க ஆள் தேவைப்படுகிறவர்களுக்கும் நான் தயங்காமல் இந்த வழியைச் சொல்வேன். மேடை மட்டும் இரண்டு வருடம் வேண்டாம்.

ஞானஸ்நானத்துக்கு முன், இந்து வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு

எந்தச் சபை என்றாலும் இது பொருந்தும். 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது, 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். படிப்பு, வேலை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் இது தொடும். விசுவாசத்தை விட்டுவிடுங்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. செல்லுஞ்செலவை முன்னதாகக் கணக்குப் பார்க்கச் சொன்னது இயேசுவே. இதைச் சொல்லாமல் ஆற்றில் இறக்குகிறவர் உங்களுக்கு உண்மையாக இருக்கவில்லை.

சாதியைப் பற்றி எழுதும்போது இதையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன எல்லா வகைச் சபையிலும் பெண் பார்க்கும்போது சாதி கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுபடியும் பிறந்தவனுக்குப் பிறப்பு இரண்டாகிவிட்டது, அப்புறமும் முதல் பிறப்பை வைத்தே ஆளை அளந்தால் இரண்டாவது எதற்கு? ஒரு சபை முதிர்ந்ததா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

மூன்று: வீட்டு ஜெபக்குழு

எட்டுப் பேர், பத்துப் பேர், பாய் விரித்து உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசித்துப் பேசி ஜெபித்துக் கலைவது. ஜான் வெஸ்லியின் மெதடிஸ்ட் இயக்கம் ஊன்றி நின்றதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 1742-ல் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று தொடங்கியது, போகப்போக "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று வாராவாரம் விசாரிக்கிற குழுவாக ஆகிவிட்டது. கோயிலுக்குப் பதிலாக அதை அவர் வைக்கவில்லை, கோயில் ஆராதனைக்கும் போகச் சொன்னார். இது முக்கியம்.

வெளியே தெரியாத செலவுகளில் பெரியது ரகசியம். "ஜெபக்குறிப்பு" என்று சொன்னது சாயங்காலத்துக்குள் தெருவில் பேச்சாகும், சின்ன ஊரில் இது குடும்பத்தையே உடைக்கும். நடத்துகிறவருக்கு வேத அறிவு குறைவாக இருந்தால் திருத்துவதற்கும் ஆள் இருக்காது. கூட்டம் எப்போதும் ஒரே வீட்டில் என்றால் அந்த வீட்டு அக்காதான் டீ போட்டு டம்ளர் கழுவுவார், அவர் ஜெபத்தில் உட்கார்ந்ததே இல்லை என்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள். வீடு மாற்றி மாற்றி வையுங்கள்.

பேச வெட்கப்படுகிறவர்களுக்கும், வேலைக்காக ஊர் மாறி வந்தவர்களுக்கும், வீட்டில் எதிர்ப்பு இருக்கிற பெண்களுக்கும் இது நல்ல வழி. ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக இருப்பவர்கள் நிறைய, அவரவர் மொழியில் ஜெபிக்கவும் இந்தச் சின்னக் குழுவில்தான் இடம் கிடைக்கும்.

நான்கு: போனும் நானும்

நைட் ஷிஃப்ட்காரர்களுக்கும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கும் இது வரம். மற்றவர்களுக்கு இது தொடுகறி மட்டும். பிடிக்காத செய்தியைத் தள்ளிவிடலாம் என்பதே இதில் உள்ள ஆபத்து, உங்களைக் கண்டிக்கிற வார்த்தை வரும் நேரத்தில் விரல் தானாக அடுத்த வீடியோவுக்குப் போகும். எத்தியோப்பிய மந்திரி கையில் ஏசாயா சுருள் இருந்தது, ஆனாலும் ரதத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு பிலிப்பு வேண்டியிருந்தது. தனியாகத்தான் முடியும் என்றால் தபால் வழி வேதபாடம் எடுங்கள். குறைந்தது உங்கள் விடைத்தாளைத் திருத்தி அனுப்ப ஒருவர் இருப்பார்.

நான் சொன்னது

நான்கையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. ஞாயிறுக்கு ஒரே ஒரு சபை, வாரநாளுக்கு ஒரே ஒரு சின்னக் குழு, இரண்டும் பஸ் போனாலும் போய்ச் சேரக்கூடிய தூரத்தில். ஒரு வருடத்துக்கு மாற்றுவதில்லை. போதகரின் பேச்சுத் திறமையை விட, வராவிட்டால் தேடுகிற ஒரு ஆள் இருக்கிறாரா என்பதற்கு அதிக மதிப்பெண் போடுங்கள்.

அரூர் அக்காவுக்கு வீட்டுக் குழுவைச் சொன்னேன், பகல் பதினொரு மணிக்கு நடப்பது, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது. விசுவாசியாத புருஷன் கூட வாழச் சம்மதித்தால் மனைவி விட்டுப்போக வேண்டாம் என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது, வார்த்தை பேசாமலே நடக்கையினால் அவரை ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு சொல்கிறார். முழு இரவு ஜெபத்துக்கு இப்போது வேண்டாம் அக்கா என்றேன். கொஞ்சம் வருத்தப்பட்டார், ஆனால் சரி என்றார்.

தம்பிக்குக் கொஞ்சம் சிக்கல். அவனுக்குக் குடியிலிருந்து காக்கும் தோள் தேவை, அது பர்கூர் கோயிலில் தினமும் கிடைக்காது, அவன் ஓசூரில் இருக்கிறான். அதனால் ரூமுக்கு நடக்கிற தூரத்தில் உள்ள, ரூம் பையன் கூப்பிடுகிற அந்தப் பெந்தெகொஸ்தே சபை, அதோடு தெருவில் நடக்கும் ஜெபக்குழு. மாதம் ஒரு ஞாயிறு ஊருக்குப் போய் அம்மாவோடு திருவிருந்து. முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வருடம் படித்து ஜெபித்துப் பிறகு முடிவு செய், அதற்கு முன் ஊர் ஐயரிடமும் ஒரு முறை உட்கார்ந்து பேசு என்றேன். சபையில் அடுத்த மாத வாலிபர் கூட்டத்துக்கு அவனைச் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறார்களாம், மாந்தோப்புக் கதையைச் சொன்னேன், சிரித்துக்கொண்டே "வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றான்.

இதில் எதையும் அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல் என்று சொல்லியிருந்தேன். இன்று காலை நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு பர்கூருக்கு பஸ் ஏறிவிட்டதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறான்.